மூச்சையும் எண்ண வேண்டும்!

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போகும்போது நாம் கேட்பது இரண்டே கேள்விதான். "ஜுரம் இருக்கா சிஸ்டர்? பி.பி. எவ்வளவு?" மூச்சைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் மாமியார் விஷயத்தில் ஆபத்தை முதலில் காட்டிக் கொடுத்தது அந்த மூச்சுக் கணக்குத்தான்.

2022ல் அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆயிற்று. மூன்றாம் நாள் இரவு பயிற்சி நர்ஸ் ஒருத்தி வந்தாள். சின்னப் பெண். ஜுரம் பார்த்தாள், பி.பி. பார்த்தாள், நாடி பிடித்தாள். அப்புறமும் கையை விடாமல் கடிகாரத்தையே பார்த்துக் கொண்டு நின்றாள்.

முடித்ததும், "நாடி பார்க்க இவ்வளவு நேரமா அம்மா?" என்று கேட்டேன்.

"நாடி அப்பவே பார்த்துட்டேன் ஆன்ட்டி. அப்புறம் மூச்சை எண்ணினேன். எண்றோம்னு தெரிஞ்சா பாட்டிக்கு மூச்சே மாறிடும். அதான் நாடி பிடிக்கிற மாதிரியே நின்னேன். முழுசா ஒரு நிமிஷம் எண்ணணும்" என்றாள்.

ஜுரம் இல்லை. பி.பி.யும் சரி. மூச்சு மட்டும் 26. எழுதியவள் ஓடிப்போய் ஸ்டாஃப் நர்ஸை அழைத்து வந்தாள். அந்த அம்மாள் முந்தைய கணக்கையெல்லாம் பார்த்தார். காலையில் 16, மாலையில் 20, இப்போது 26. தானும் ஒருமுறை எண்ணிவிட்டு உடனே டாக்டருக்குப் போன் செய்தார். எக்ஸ்ரேயில் நிமோனியா என்று தெரிந்தது. வயதானவர்களுக்கு ஜுரமே இல்லாமலும் அது வருமாம். ஆக்ஸிஜனும் மருந்தும் உடனே கொடுத்ததால் பிழைத்தார்.

"சின்னப் பெண்ணிடம் இதையெல்லாம் விடலாமா?" என்று மறுநாள் ஸ்டாஃப் நர்ஸைக் கேட்டேன்.

"இத்தனை பேரையும் நான் ஒருத்தியே எண்ண முடியுமாம்மா? எண்ணுறதை அவகிட்டே விடலாம். எது வந்தா ஓடிவந்து சொல்லணும்னு முதல்லேயே சொல்லி வைக்கணும். அந்தக் கணக்கு என்ன சொல்லுதுன்னு பார்க்கிற பொறுப்பை மட்டும் யார்கிட்டேயும் விடக் கூடாது" என்றார்.

வீட்டுக்கும் இது பொருந்தும். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு, 60 முதல் 100 வரை நாடி என்பது பொதுக் கணக்கு. பி.பி. பார்க்குமுன் ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார வேண்டும். காப்பி குடித்த கையோடு பார்க்கக் கூடாது. விரலில் ஆக்ஸிஜன் கிளிப் மாட்டுமுன் நகப்பாலிஷைத் துடைத்துவிடுங்கள்.

இளம் தாய்மார்களே, குழந்தைக்குச் சளி இருமல் என்றால், அது அழாமல் அமைதியாக இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் போனால் வேகமான மூச்சு. மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும் கைவைத்தியம் பார்த்துக் கொண்டிராமல் உடனே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

மருந்து வைக்கும் இடத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். தேதி, நேரம் போட்டு எழுதுங்கள். "நேத்தைக்கு இன்னிக்குப் பரவாயில்லை டாக்டர்" என்று சொல்வதைவிட, அந்த நாலு வரி அவருக்கு எவ்வளவோ உதவும்.