ஸ்க்ரீன்ல இருக்கு... ரேக்குல இருக்கா?

என்ன பாஸ், ஃபைனல் இயர் ப்ராஜெக்டா? முன்னாடி ஒரு ஸ்க்ரீன், பின்னாடி ஒரு டேட்டாபேஸ், நடுவுல கொஞ்சம் ஜாவா. வைவாவுல 'த்ரீ டயர் சார்'னு சொல்லித் தப்பிச்சிடலாம்னு கணக்குப் போடறீங்களா? நானும் அப்படித் தப்பிச்சவன்தான். மாட்டினது ஓரகடத்துல! டயர்னதும் அங்கே இருக்கிற அப்போலோ ஃபேக்டரி ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை. இது அடுக்கு!

படிப்பு முடிச்சதும் கார் பாகங்கள் செய்யற ஒரு கம்பெனியில ஐ.டி. ட்ரெய்னி வேலை. ஷிஃப்ட் மாறும்போது ஸ்ரீபெரும்புதூர் - சிங்கப்பெருமாள்கோவில் ரோட்டுல கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். அதே நேரத்துல எங்க ஸ்டாக் ஸ்க்ரீனும் திணறும். எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்க, ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸ் முதல்லேர்ந்து தேடிப் பதில் சொல்லணும்.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? நடு அடுக்குல, அதாவது அப்ளிகேஷன் சர்வரோட மெமரியில, டேட்டாவை ஒரு காப்பி எடுத்து வெச்சேன். இதுதான் கேஷ். காசு இல்லீங்க! கடுகு வேணும்னா அம்மா ஒவ்வொரு தடவையும் பரண்லயா ஏறுவாங்க? அடுப்புப் பக்கத்துல அஞ்சறைப் பெட்டி இருக்குல்ல, அது மாதிரி. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுசா எடுத்தாப் போதும்னு செட் பண்ணினேன். ஸ்க்ரீன் பறந்துச்சு. எனக்கு டீ, போண்டா ட்ரீட் வேற!

ரெண்டாவது நாள் நைட் ஷிஃப்ட். ஸ்க்ரீன்ல பிராக்கெட் 200 இருக்கு. ரேக்குல ஒண்ணுகூட இல்லை. ஸ்டோர்லேர்ந்து எடுத்துட்டுப் போனது டேட்டாபேஸுக்குத் தெரியும், என் காப்பிக்குத் தெரியாது. லைன் நின்னுடுச்சு. சூப்பர்வைசர் அண்ணன் திட்டவே இல்லை. ஒண்ணுதான் கேட்டார்: "தம்பி, ஸ்க்ரீன்ல இருக்கிற பிராக்கெட்டை எடுத்து மாட்ட முடியுமா?"

அப்புறம் லைன் பக்கத்துல கூட்டிட்டுப் போய் ஒரு டப்பாவைக் காட்டினார். குடோனுக்கு ஓடாம இருக்க, பார்ட்ஸைக் கை எட்டுற தூரத்துல வெச்சிருக்காங்க. அதுவும் கேஷ்தான்! ஆனா டப்பா காலியானா ஒரு கார்டு குடோனுக்குப் போகும். ஜப்பான்ல டொயோட்டா கொண்டுவந்த கான்பான் முறை. என் காப்பியில இல்லாதது அந்தக் கார்டுதான்.

மறுநாள் மாத்தி எழுதினேன். பார்ட் பேர், சப்ளையர் கோடு எல்லாம் எப்பவாவதுதான் மாறும். அதை ஒரு நாள் வரைக்கும் வெச்சுக்கலாம். ஸ்டாக் எண்ணிக்கை அப்படியில்லை. டேட்டாபேஸ்ல அது மாறின உடனே கேஷ்ல இருக்கிற பழைய காப்பியை அழிக்கணும். அழிக்க விட்டுப்போனாலும் தானா காலாவதி ஆகுற மாதிரி சில விநாடி ஆயுசுதான் கொடுக்கணும். பொருளை எடுத்துக் கொடுக்கிற கடைசி ஸ்டெப் மட்டும் நேரா டேட்டாபேஸையே கேட்கணும்.

சர்வர் ரெண்டு இருந்தா இன்னொரு வம்பு. ஒண்ணுல அழிச்ச காப்பி இன்னொண்ணுல உயிரோட இருக்கும். அதுக்குத்தான் எல்லா சர்வருக்கும் பொதுவான கேஷ். 2003-ல லைவ்ஜர்னலுக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதின மெம்கேஷ்டு, 2009-ல வந்த ரெடிஸ் ரெண்டும் இப்பவும் இந்த வேலையைத்தான் செய்யுது.

அதனால பாஸ், உங்க ப்ராஜெக்ட்ல கேஷ் போடுங்க, தப்பில்லை. ஆனா போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டேட்டாவையும் பார்த்து ஒரு கேள்வி கேளுங்க: 'நீ எவ்வளவு நேரம் உண்மையா இருப்பே?'

பதில் தெரியலைன்னா கொஞ்சம் ஸ்லோவாவே இருக்கட்டும். லேட்டா வர்ற உண்மைக்காகக் காத்திருக்கலாம். வேகமா வர்ற பொய் லைனையே நிறுத்திடும்!