பந்தய மைதானத்து உண்டியல்

அமெரிக்கா போய் வந்தவர்கள் நயாகராவைப் பற்றியும் சுதந்திர தேவி சிலையைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டார்கள். நான் எழுதப் போவது ஒரு கார் பந்தய மைதானத்தைப் பற்றி. "கரூரில் குடித்தனம் பண்ணுகிறவளுக்கும் கார் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். சம்பந்தம் இருக்கிறது, சொல்கிறேன்.

வட கரோலினா மாநிலத்தில் சார்லட் என்று ஒரு பெரிய நகரம். அதை ஒட்டி கான்கார்டு என்று ஓர் ஊர். என் தங்கை குடும்பம் அங்கேதான் இருக்கிறது. அவளுடைய சின்னப் பையனுக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. "அம்மா" என்பதைத் தவிர வேறு வார்த்தை கிடையாது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அந்தச் சமயம் பார்த்து தங்கை வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது. அந்த ஊரில் வேலை போனால் சம்பளம் மட்டும் போகாது, பல வீடுகளில் வைத்தியச் செலவுக்கான இன்ஷூரன்ஸும் கூடவே போய்விடும். கையை விட்டுக் கொடுக்கலாம் என்றால் பயிற்சிக்கு மணிக்கணக்கு வைத்து டாலர் கேட்கிறார்கள்.

அப்போது பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு சின்ன மையத்தைக் காட்டிக் கொடுத்தாள். வருமானத்துக்குத் தகுந்தபடி அங்கே கட்டணம். வருமானமே இல்லாதவர்களுக்குக் கட்டணமும் இல்லை. எட்டு மாதம் அங்கே போய் வந்தான் பையன். அந்த மையத்துச் சுவரில் பணம் கொடுத்து உதவியவர்களின் பெயர்ப் பட்டியல் மாட்டியிருக்கிறது. அதில் ஒரு பெயர்: ஸ்பீட்வே சில்ட்ரன்ஸ் சாரிட்டீஸ். ஸ்பீட்வே என்றால் பந்தயப் பாதை.

"நம்ம பையனைப் பேச வச்ச காசு எங்கேருந்து வருதுன்னு ஒரு தடவை கண்ணால பார்த்துடணும்க்கா" என்றாள் தங்கை. நான் போயிருந்த ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எல்லோருமாகக் கிளம்பினோம். தங்கை வீட்டுக்காரர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வண்டியை ஓட்டினார். அதற்குக் காரணம் இருந்தது, பின்னால் வருகிறேன்.

சார்லட் மோட்டார் ஸ்பீட்வே 1960-ல் திறந்தது. புரூட்டன் ஸ்மித் என்பவரும் கர்ட்டிஸ் டர்னர் என்ற பந்தய ஓட்டுநரும் சேர்ந்து கட்டினார்கள். தோண்டத் தோண்டக் கருங்கல் பாறையாக வந்து, வெடி வைத்தே செலவு எகிறிவிட்டதாம். மறு வருஷமே மைதானம் கடனில் மூழ்கியது. ஸ்மித் விலகிப் போய், 1975-ல் திரும்பி வந்து மைதானத்தைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். ஒரு சுற்று ஒன்றரை மைல், நம் கணக்கில் 2.4 கிலோமீட்டர். வளைவுகளில் தார்ப்பாதை சுவர் போலச் சாய்ந்து நிற்கிறது. நின்று பார்த்தால் நமக்கே தலை சுற்றும். மே மாதக் கடைசியில் இங்கே நடக்கும் பெரிய பந்தயத்தில் 400 சுற்று, அதாவது 600 மைல் ஓட்ட வேண்டும்.

இந்த ஊருக்கு ஏன் இப்படி ஒரு கார்ப் பைத்தியம்? பக்கத்தில் கண்ணாபொலிஸ் என்று ஓர் ஊர். கேனன் மில் துண்டுகள் அமெரிக்கா முழுக்கப் பேர் போனவை. அவற்றை நெய்த ஊர் இதுதான். கரூர்க்காரியான எனக்கு அதைக் கேட்டதும் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. வாரம் முழுக்க மில்லில் பஞ்சுத் தூசியில் நின்றவர்களில் பலர், சனிக்கிழமை வந்தால் தாங்களே முடுக்கிய பழைய கார்களை மண் பாதைகளில் விட்டடித்தார்கள். புகழ்பெற்ற டேல் எர்ன்ஹார்டின் தகப்பனார் ரால்ஃப் எர்ன்ஹார்டும் அப்படி மில்லிலிருந்து வந்தவர்தான். 2003-ல் அந்த மில் மூடியது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலை இழந்தன. தறி நின்றால் ஒரு ஊர் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வட்டாரத்தில் இருக்கிற மைதானம் இது.

நாங்கள் போனது பெரிய பந்தயத்துக்கு அல்ல. கோடையில், ஜூன், ஜூலை மாதங்களில், பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் 'சம்மர் ஷூட்அவுட்' என்று சின்னப் பந்தயங்கள் வைக்கிறார்கள். மைதானத்தின் முன்பகுதியில் கால் மைல் வட்டம். அதில் பழைய காலத்து ஃபோர்டு, செவர்லே கார்களைச் சுருக்கிச் செய்தது போன்ற லெஜண்ட்ஸ் கார்கள் ஓடுகின்றன. அவற்றுக்கு மோட்டார் சைக்கிள் இன்ஜின். இன்னும் சின்னதாக பாண்டலேரோ என்று ஒரு வகை. அதை எட்டு வயதுக் குழந்தைகளிலிருந்து ஓட்டுகிறார்கள்! தலைக்கவசம், நெருப்புப் பிடிக்காத உடுப்பு, தோளைச் சேர்த்துக் கட்டும் பெல்ட் எல்லாம் மாட்டி, பெற்ற தாயே பிள்ளையைக் காருக்குள் உட்கார வைத்துவிட்டு நகர்ந்து நிற்கிறாள். என் வயிறு ஒரு பிசை பிசைந்தது. அந்தத் தாய்க்கும் பிசைந்திருக்கும். முகத்தில் காட்டவில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சின்ன வட்டத்திலிருந்துதான் பெரிய ஓட்டுநர்கள் முளைக்கிறார்கள். சார்லட்டில் பிறந்த வில்லியம் பைரன் லெஜண்ட்ஸ் காரில் பழகியவர். 2024, 2025 இரண்டு வருஷமும் டேடோனா 500 பந்தயத்தை வென்றார்.

ஓட்டுகிறவர்கள் மட்டுமல்ல, ஊர் ஜனங்களும் உள்ளே வர வேண்டும் என்று மைதானத்தார் படும் பாடு வேடிக்கையாக இருக்கிறது. மஞ்சள் நிற ஸ்கூல் பஸ்களை வைத்துப் பந்தயம் விடுகிறார்கள். அதிலும் சர்ச் போதகர்களே பஸ் ஓட்டும் பந்தயம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்தவர் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் முட்டி மோதுவதைப் பார்க்க அவர் சபையே திரண்டு வந்து கத்தும். இது விளம்பரம்தான். ஆனால் காலண்டர் அச்சடித்துக் கொடுப்பதை விட நல்ல விளம்பரம். ஊர்க்காரர்களையே மேடை ஏற்றிவிட்டால் ஊர் தானாக வராதா?

இனி உண்டியலுக்கு வருகிறேன். நான் சொல்வது தகரப் பெட்டியை அல்ல. புரூட்டன் ஸ்மித்துக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து, சிறு பிராயத்திலேயே போய்விட்டது. அந்தக் குழந்தையின் நினைவாக 1982-ல் அவர் தொடங்கியதுதான் ஸ்பீட்வே சில்ட்ரன்ஸ் சாரிட்டீஸ். அவருடைய கம்பெனியின் மற்ற மைதானங்களிலும் இதற்குக் கிளைகள் வந்தன. ஸ்மித் 2022-ல் காலமானார், நிதி நிற்கவில்லை.

இதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று. ஒரு மைதானத்தில் திரட்டும் பணம் அந்த மைதானத்தைச் சுற்றியுள்ள குழந்தைகளுக்கே போகிறது. அக்கம்பக்கத்துச் சேவை மையங்கள் விண்ணப்பம் போடுகின்றன. இன்ன காரியத்துக்கு இவ்வளவு வேண்டும் என்று எழுதிக் கேட்க வேண்டும். பணம் சேரும் வழிகள் பல: ஏலம், கிறிஸ்துமஸ் சமயத்தில் மைதானம் முழுக்கப் போடும் விளக்கு அலங்காரம், சொந்தக் காரையே பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்க நன்கொடை. பாதிக்குப் பாதி குலுக்கல் சீட்டும் உண்டு. சேர்ந்த தொகையில் பாதி சீட்டு விழுந்தவருக்கு, பாதி நிதிக்கு. இந்தக் கடைசி வழி எனக்கு ஒப்பவில்லை. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரிக்குத் தடை வரும் முன்பு, சீட்டுக் கிழித்தே கூலியைத் தொலைத்த வீடுகளைப் பார்த்தவள் நான். தர்மம் செய்ய ஆசை காட்ட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

பந்தய உலகில் இன்னொரு வீட்டுக் கதையும் தங்கை சொன்னாள். பெட்டி என்பது தலைமுறை தலைமுறையாகப் பந்தயம் ஓட்டும் குடும்பம். அதில் நான்காம் தலைமுறை ஆடம். 1998-ல் இதே சார்லட் மைதானத்தில் ஜெயித்தபோது அவனுக்கு 18 வயது. நோயாளிக் குழந்தைகளுக்கான முகாம் ஒன்றைப் பார்த்துவிட்டு, நம் மாநிலத்திலும் இப்படி ஒன்று வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தானாம். 2000-ம் வருஷம் மே மாதம், நியூ ஹாம்ப்ஷயரில் பயிற்சி ஓட்டத்தில் விபத்து. 19 வயதில் போய்விட்டான். அவனுடைய தாய் பாட்டியும் தகப்பன் கைலும் அழுதுகொண்டு உட்காரவில்லை. தாத்தா ரிச்சர்ட் பெட்டி நிலம் கொடுக்க, 2004-ல் ராண்டில்மன் என்ற ஊரில் 'விக்டரி ஜங்ஷன்' முகாமைத் திறந்தார்கள். கடும் நோயுள்ள குழந்தைகள் அங்கே போய் விளையாடலாம், குதிரை ஏறலாம். குடும்பத்துக்குச் செலவு எதுவும் கிடையாது. பிள்ளை கேட்டதைப் பிள்ளை போன பிறகு செய்து முடிக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

நம் பக்கத்திலும் இறந்தவர் பேரில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறோம், திதியன்று நாலு பேருக்குச் சோறு போடுகிறோம். கூடவே கோயில் டியூப் லைட்டில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு 'உபயம்' என்று பேரும் எழுதி வைக்கிறோம். அங்கேயும் கார் மேல் இடம் விடாமல் கம்பெனிப் பேர்களை ஒட்டியிருக்கிறார்கள். பேர் ஆசை எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆனாலும் விளக்கு எரிகிறதே!

தங்கை வீட்டுக்காரரின் முகவாட்டத்துக்கு வருகிறேன். "தர்மக் காசுல என் பையன் பேசினான்னு ஊர்ல யாருக்கும் சொல்லாதீங்க அக்கா" என்று வந்த அன்றே என்னிடம் கேட்டுக்கொண்டவர் அவர். உழைத்தே பழகியவருக்குக் கை நீட்டுவது எவ்வளவு கசப்பு! அன்று இடைவேளையில் சோளப்பொரியைக் கொறித்துக்கொண்டே நான் சொன்னேன்: "இங்கே கத்திக்கிட்டு இருக்கிற யாருக்காச்சும் உங்க பையனைத் தெரியுமா மாப்பிள்ளை? அவங்க பாட்டுக்குச் சந்தோஷமா இருந்தாங்க, அதுல கொஞ்சம் வழிஞ்சு உங்க வீட்டுப் பக்கம் வந்துச்சு. நாளைக்கு உங்க கையிலேருந்து வழியட்டும்." அவர் பதில் சொல்லவில்லை. நான் ஊர் திரும்பிய பிறகு, புது வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதம், நன்கொடை கட்டித் தன் பழைய காரை அந்தப் பெரிய பாதையில் ஓட்டினாராம். முன்னால் வழிகாட்டும் கார் போகும், அதை முந்தக் கூடாது. "ரசீதை ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்காருக்கா" என்று போனில் சிரித்தாள் தங்கை.

குழந்தைகளோடு இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 85 டெசிபெல் சத்தத்தை எட்டு மணி நேரம் வரைதான் காது தாங்கலாம் என்பது நிபுணர் கணக்கு. அதற்கு மேல் மூன்று டெசிபெல் ஏற ஏற நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபெல் என்றால் 15 நிமிஷம்தான். பஞ்சை அடைத்தால் போதாது. காது முழுவதையும் மூடும் காப்பு போடுங்கள். எங்கள் சின்னவனுக்குச் சிவப்பு நிறத்தில் ஒன்று வாங்கி மாட்டினோம். கோயில் வெடிக்கட்டு, கல்யாண மண்டப ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

நம் ஊர்களில் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஜல்லிக்கட்டு, கபடிப் போட்டி, தேர்த் திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று வருஷம் முழுக்கக் கூடுகிறோம். ஒவ்வொரு விழாவிலும் அந்த ஊர்க் குழந்தைகளுக்கென்று ஒரு பங்கு ஒதுக்கி, யார் கேட்டார்கள், எவ்வளவு கொடுத்தோம், என்ன ஆயிற்று என்று பலகையில் எழுதி வைத்தால் எப்படி இருக்கும்? மாதர் சங்கத்துச் சகோதரிகள் அடுத்த கூட்டத்தில் பேசிப் பாருங்களேன். பெரிய தொகை தேவையில்லை. வருஷா வருஷம் தவறாமல் வர வேண்டும், அதுதான் முக்கியம்.