கப்பலில் வந்தவர்களுக்கு ஒரு நாள்

இந்து சமுத்திரத்தில், மடகஸ்காருக்குக் கிழக்கே இருக்கும் சிறிய தீவு மொரிசியஸ். அங்கு நவம்பர் 2ஆம் திகதி அரச விடுமுறை. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள் கரையிறங்கியதை அந்த நாட்டு மக்கள் அன்று நினைவுகூருகிறார்கள். ஒரு பயிற்சிப் பட்டறைக்காக நான் அங்கு சென்றிருந்த வாரத்தில் அந்த நாளும் வந்தது. எங்களை அழைத்தவர்கள் காலையிலேயே தலைநகர் போர்ட் லூயிஸின் துறைமுகத்துக்குக் கூட்டிச் சென்றார்கள்.

கடலோரத்தில் கருங்கல் படிகள் சில. அவற்றின் பின்னால் பழைய கட்டடங்களின் சுவர்கள். இந்த இடத்தை முன்பு கூலி காட் என்றார்கள். இப்போதைய பெயர் ஆப்ரவாசி காட். ஆப்ரவாசி என்றால் ஹிந்தியில் குடியேறி வந்தவர் என்று பொருள். பழைய குடியேற்ற நிலையத்தில் ஒரு சிறு பகுதிதான் இன்று எஞ்சியிருக்கிறது. 2006ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது.

பிரித்தானியர் தமது காலனிகளில் அடிமை முறையை ஒழித்தபோது கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். 1834 நவம்பர் 2ஆம் திகதி 'அட்லஸ்' என்ற கப்பலில் 36 பேர் வந்து சேர்ந்தனர். அதன் பின்னர் 1920 வரையில் ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர் இந்தத் துறைமுகத்தில் இறங்கினார்கள். கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் வந்தன. சென்னைக் கப்பல்களில் வந்தவர்களில் தமிழர்கள் பலர். ஆரம்ப ஆண்டுகளில் பெண்கள் மிகக் குறைவாகவே வந்தனர்.

வந்தவர்களுக்குக் கிடைத்த வாழ்வு கடினமானது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் இரண்டு நாள் சம்பளம் வெட்டப்பட்டது. ஒப்பந்தம் முடிந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்கள் தங்கள் புகைப்படம் ஒட்டிய பாஸைக் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாடோடி என்று பிடித்து அடைத்தார்கள். பாஸுக்கு வரிசையில் நின்றவர்களுக்கும், சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைத் தேடிப் பதறியவர்களுக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை.

அன்று படிகளில் மலர்வளையங்கள் வைத்தார்கள். நாட்டின் தலைவர்கள் பேசினார்கள். பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பட்டுச் சேலை உடுத்திய வயதான பெண்கள் படியில் பூவை வைத்துவிட்டுக் குனிந்து கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கோயிலில் செய்வதுபோலவே செய்தார்கள்.

அவர்களில் ஓர் அம்மாவின் அருகில் எனக்கு இடம் கிடைத்தது. தமிழ் வழி வந்தவர். ஆனால் தமிழ் பேசத் தெரியாது. அந்த நாட்டில் எல்லோரும் பேசும் கிரியோல் மொழிதான் அவருடைய வீட்டு மொழியும். என்னுடன் வந்த தங்கை ஒருத்தி மொழிபெயர்த்தாள். "ரசோன்" என்று அவர் சொன்னபோது அது நம்முடைய ரசம் என்று விளங்கிச் சிரித்தோம். விசேட நாட்களில் வாழையிலையில் ஏழு கறி வைத்துச் சாப்பிடுவோம் என்றார். கடையில் விற்கும் "காத்தோ பிமா" என்ற சிற்றுண்டியும் நம்முடைய பருப்பு வடையின் உறவுதான்.

பிறகு தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறது. குடியேறி வந்தவர்களின் பழைய பதிவேடுகளை அங்குதான் பாதுகாக்கிறார்கள். வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடலில் உள்ள அடையாளம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள். 1860களிலிருந்து புகைப்படங்களும் எடுத்தார்கள். இந்த அம்மா தன் பாட்டியின் பாட்டியைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்.

"படம் இல்லை. இடது கையில் தழும்பு என்று எழுதியிருக்கிறது. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். என்றாலும் இப்போது அவர் எனக்கு ஓர் ஆள்" என்றார்.

அந்த வார்த்தை என் மனதில் தங்கிவிட்டது. ஓடிப்போனால் பிடிப்பதற்காகத் துரைமார் எழுதிய பதிவு அது. பேத்தியின் பேத்திக்கு அதுவே உறவைத் தேடித் தந்திருக்கிறது.

அங்குள்ள பெண்கள் பதிவேட்டை மட்டும் நம்பி இருக்கவில்லை. பீகார் பக்கத்திலிருந்து வந்தவர்களின் வழியினர் திருமண வீட்டில் 'கீத் கவாய்' என்று போஜ்புரிப் பாடல்கள் பாடுகிறார்கள். கரண்டியையும் செம்பையும் தட்டித் தாளம் போட்டு, பாட்டியிடமிருந்து பேத்தி கற்றுக்கொண்ட பாடல்கள். 2016இல் யுனெஸ்கோ அதனையும் மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. தமிழரின் தைப்பூசக் காவடிக்கு அங்கு அரச விடுமுறை உண்டு. நாட்டின் நாணயத்தாளிலும் தமிழ் எழுத்து இருக்கிறது.

அஞ்சலை குப்பன் என்ற பெண்ணையும் அவர்கள் மறக்கவில்லை. 1943 செப்ரெம்பர் 27ஆம் திகதி பெல் வியூ ஹரெல் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது பொலிசார் சுட்டபோது இறந்த நால்வரில் அவரும் ஒருவர். அப்போது அவர் கர்ப்பிணி. இன்று அந்தப் பகுதியில் உள்ள விளையாட்டரங்கு அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. பெப்ரவரி 1ஆம் திகதியும் அங்கு விடுமுறைதான். 1835இல் அதே நாளில் அங்கு அடிமைகள் விடுதலையானார்கள். ஆபிரிக்காவிலிருந்தும் மடகஸ்காரிலிருந்தும் சங்கிலியில் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அந்த நாள், கப்பல் கூலிகளின் பிள்ளைகளுக்கு இந்த நாள். இரண்டு நாளிலும் நாடு முழுவதற்கும் விடுமுறை. ஒருவரின் துக்கத்துக்கு இடம் கொடுத்ததால் மற்றவரின் துக்கம் சிறுத்துவிடவில்லை.

நம்முடைய மலையகத் தமிழரின் கதையும் இதே காலத்தில் தொடங்கியதுதான். தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தவர்கள் அவர்கள். வழியில் நோயில் இறந்தவர்கள் ஏராளம். 1948இல் கொண்டுவரப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்க 2003 வரை செல்ல வேண்டியிருந்தது. 1823இலிருந்து கணக்கிட்டு 200 ஆண்டுகள் நிறைவான 2023இல், அந்தப் பாதையிலேயே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து சென்றார்கள். மலையகப் பெண்களும் அதில் நடந்தார்கள். வழியில் இறந்தவர்களின் பெயர்கள் இருந்திருந்தால், அவற்றையும் சொல்லிக்கொண்டு நடந்திருப்பார்கள்.

அரசு ஒரு நாளை ஒதுக்குவது நம் கையில் இல்லை. பெயரை எழுதி வைப்பது நம் கையில் இருக்கிறது. சகோதரிகளே, ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பி போதும். வீட்டில் மூத்தவர் இருந்தால் இன்றே கேளுங்கள். பிறந்த ஊர், தாய் தகப்பன் பெயர், விட்டு வந்த வீடு, கிணறு, கோயில், எந்த ஆண்டில் எங்கிருந்து எங்கே போனோம் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். இல்லாமல் போனவர்களையும், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்களையும் எழுதுங்கள். அவர்களுக்குப் பிடித்த கறி, பாடிய பாட்டு, கையில் இருந்த தழும்பு எதையும் சிறிது என்று விட்டுவிடாதீர்கள். பாட்டுத் தெரிந்தால் பிள்ளைக்குப் பாடிக் காட்டுங்கள்.

அந்த அம்மாவுக்கு ஒரு தழும்பைக் கண்டுபிடிக்கத் துரைமாரின் பதிவேடு தேவைப்பட்டது. நம்முடைய பேத்திகளுக்கு நம் கையெழுத்திலேயே கிடைக்கட்டும்.