நிற்கப் பழகுதல்

ஐம்பத்தாறு வயதில் ஒருவன் நிற்பதற்கு ஆசிரியர் வைத்துப் படிக்கின்றான் என்றால் நண்பர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகைக் காரியாலயக் கதிரையில் அமர்ந்து பிரதி திருத்தியவனுக்கு அதுதான் தேவைப்பட்டது. தாய் சீ, சீ குங் ஆகிய சீனப் பயிற்சிகளின் அரிச்சுவடியை எட்டு மாதங்களாகக் கொழும்பில் கற்று வருகின்றேன்.

காரணம் அச்சம்தான். என் தாயார் எழுபத்திரண்டாவது வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அதன் பின்னர் அவர் தனியே நடக்கவேயில்லை. எனக்கும் நீரிழிவு உண்டு. இரவுப் பணி முடிந்து மாடிப்படி இறங்குகையில் கால்கள் தயங்கத் தொடங்கியபோது அவருடைய நினைவே வந்தது.

பெயரிலேயே ஒரு மயக்கம் உள்ளது. தமிழில் எழுதும்போது இரண்டிலும் ஒரே 'சீ' வருகின்றது. சீன மொழியிலோ அவை வெவ்வேறு எழுத்துகள், வெவ்வேறு உச்சரிப்புகள். சீ குங்கில் வருவது மூச்சு, உயிராற்றல் என்னும் பொருளுடையது. தாய் சீயில் வருவது உச்சம், எல்லை என்பது. (முன்னால் நிற்கும் 'தாய்' நம்முடைய தாய் அல்ல என்பதையும் சொல்லிவிடுகின்றேன்.) தாய் சீ அடிப்படையில் ஒரு போர்க்கலை. ஹெனான் மாகாணத்துச் சென் குடும்பத்தாரின் கிராமத்தில் வளர்ந்தது. பொதுமக்கள் பயில்வதற்காக 1956இல் சீன அரசு அதனை 24 அசைவுகளாகச் சுருக்கியது. சீ குங் என்ற பெயர் பரவலானது 1950களில்தான் என்றாலும் அத்தகைய பயிற்சிகள் மிகப் பழையவை. மாவாங்டுய் என்னுமிடத்தில், கி.மு. 168ஐச் சேர்ந்த கல்லறையொன்றில், உடற்பயிற்சி செய்யும் மனித உருவங்கள் தீட்டிய பட்டுத்துணி 1973இல் கிடைத்தது.

முதல் இரண்டு வாரங்களும் ஆசிரியர் என்னை நிற்கவே வைத்தார். பாதங்கள் தோளகலத்தில், முழங்கால்கள் சற்றே மடிந்து, உச்சந்தலையை யாரோ நூலில் கட்டித் தூக்கியது போல, கைகள் ஒரு மரத்தை அணைப்பது போல. மூன்றாவது நிமிடத்தில் தொடைகள் நடுங்கின. செய்தி ஆசிரியரின் அவசரம் ஊறிய மனமோ, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டேயிருந்தது.

இருந்ததை நடக்கத் தொடங்கிய பிறகே உணர்ந்தேன். தாய் சீயில் ஒரு கால் நிரம்பியது, மற்றையது வெறுமையானது. வெறுங்காலை முன்வைத்துக் குதிகால் நிலத்தைத் தொட்ட பின்னரும் உடம்பின் பாரம் அதற்குப் போகக்கூடாது. ஒரு குடத்திலிருந்து மறு குடத்திற்குத் தண்ணீர் வார்ப்பது போல மெல்ல மெல்ல அதனை மாற்றவேண்டும். பாதி வழியில் விரும்பினால் காலைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். நாம் சாதாரணமாக நடப்பது அப்படியன்று. முன்னால் விழுந்து, விழுமுன் காலால் தாங்கிக்கொள்கின்றோம். படியிறங்கும்போது நான் தடுமாறியது எதனால் என்பது அன்று விளங்கியது.

உயிராற்றல் உடம்பில் ஓடுகிறது என்கிறார் ஆசிரியர். நான் உணர்ந்தது உள்ளங்கைச் சூட்டை மட்டுமே. ஆதாரம் கேட்பது தொழில் தந்த பழக்கம். 2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றில், பார்க்கின்சன் நோயாளர் 195 பேரை மூன்று பிரிவாக்கி 24 வாரங்கள் பயிற்றுவித்தார்கள். தசை நீட்டற் பயிற்சி செய்தவர்களைவிடத் தாய் சீ பயின்றவர்களுக்குச் சமநிலை மேம்பட்டது, விழுதலும் குறைந்தது. எனக்கு இது போதும். சகல நோய்களையும் தீர்க்கும் என்று கூவி விற்பவர்களுக்கு என் பக்கத்தில் இடமில்லை.

காட்டுக் குதிரையின் பிடரியைக் கோதுதல், வெண்கொக்கு சிறகு விரித்தல் முதலியவற்றைக் கடந்து இப்போது ஆறாவது அசைவில் நிற்கின்றேன். குரங்கை விலக்கியபடி பின்னோக்கி நடக்கும் அசைவு அது. முதலில் பெருவிரற்பக்கம், பின்னர் முழுப்பாதம், கடைசியாகப் பாரம். நேற்றுவரை எனக்குப் பின்னால் ஒரு கதிரை இருந்தது. இன்று காலை ஆசிரியர் அதனை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டார்.