தன்னே நே

கொழும்புத்துறை என்று சொன்னால் வெளியூர் ஆக்கள் பாதிப்பேர் கொழும்பு என்றுதான் விளங்கிக்கொள்வினம். "இல்லை, யாழ்ப்பாண ரவுணுக்குக் கிட்ட, கடல்நீரேரிக் கரை" என்று திருப்பிச் சொல்லவேணும். வயசானவர்களுக்கு யோகர் சுவாமி இருந்த ஊர் என்றால் பிடிபடும். 2025க்குப் பிறகு நான் இன்னொரு அடையாளமும் சொல்லப் பழகியிருக்கிறேன்: செம்மணிக்குக் கிட்ட.

அந்த வருசம் ஓகஸ்ட் 5ஆம் திகதி, அரியாலை சிந்துபாத்தி மயானத்தில் தோண்டி எடுத்த பொருட்களைச் சனம் வந்து பார்த்து அடையாளம் காட்டலாம் என்று நீதிமன்றம் அறிவித்திருந்தது. அம்மம்மாவை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன மாமாவைப் பிடித்துக்கொண்டு போன அன்று அவர் போட்டிருந்த சட்டை அம்மம்மா கையால் தைத்தது. ரெண்டாவது பட்டன் மட்டும் வேற நிறம். அந்தப் பட்டனைத் தேடித்தான் போனது.

உடுப்புகள், செருப்புகள், சின்னப்பிள்ளை விளையாடுகிற பொம்மை, நீலப் புத்தகப் பை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று நின்று பார்த்தா. பட்டன் இல்லை. திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பெடியன்ர சாமான் ஏதும் அதுக்குள்ள கிடந்திருக்குமோ பிள்ளை?" என்று கேட்டா.

"எந்தப் பெடியன் அம்மம்மா?"

"சென்றியில நிண்டவன்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆமிக்காரனைப் பற்றி இங்கே வந்து கேட்கிறாவே!

கதை இதுதான். 1996 ஆவணியில் ஒரு சுற்றிவளைப்பில் மாமா பிடிபட்டார். வயது 19. அதுக்குப் பிறகு மூன்று மாதம் அம்மம்மா ஒவ்வொரு நாளும் காலையில் முகாம் வாசலுக்குப் போயிருக்கிறா. சென்றியில் நின்ற ஆமிக்காரனுக்கு மாமாவைவிட ஒரு வயசோ ரெண்டு வயசோ கூட இருக்கும். முதல் கிழமை கலைத்தவன். பிறகு தன்னுடைய தண்ணிப் போத்தலை நீட்டியிருக்கிறான். ஒரு நாள் மற்றவர்கள் இல்லாத நேரம் பார்த்து, "அம்மே, கெதர யன்ன" என்றானாம். அம்மா, வீட்டுக்குப் போங்கோ. சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லையாம். "அவனுக்கு ஏதோ தெரியும். சொல்லப் பயம்" என்று அம்மம்மா இப்பவும் சொல்லுவா.

பிறகு ஒரு நாள் அவன் இல்லை. அடுத்த நாளும் இல்லை. புதுசாய் நின்றவனிடம் மகனைக் கேட்டால் வழக்கமான பதில்: "தன்னே நே." தெரியாது. அந்தப் பெடியன் எங்கே என்று கைச்சாடையில் கேட்டாலும் அதே பதில்: "தன்னே நே."

அவன் வேற இடத்துக்கு மாற்றலாகிப் போயிருப்பான், லீவில் போயிருப்பான் என்று நான் எத்தினையோ தரம் சொல்லியிருக்கிறேன். உண்மையும் அதுவாக இருக்கலாம். ஆனால் அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. 1996ஐப் பற்றி எங்கட பக்கத்துக் கணக்கு எனக்கு மனப்பாடம். 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வு, அடுத்த சித்திரையில் தென்மராட்சியிலிருந்து திரும்பி வந்தது, ஜூலை 4 யாழ். நகரத்தில் தற்கொலைத் தாக்குதல், ஜூலை 18 முல்லைத்தீவு முகாம் மீதான தாக்குதல். அதுக்குப் பிறகுதான் பிடிப்புகள் கூடின. அந்த ஜூலையிலேயே நாவற்குழியில் 24 இளைஞர்கள் பிடிபட்டார்கள்; 2017இலும் அவர்களின் குடும்பங்கள் யாழ். மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவோடு நின்றன. அந்த ஒரு வருசத்தில் குடாநாட்டில் காணாமல் போனவர்கள் 600 பேரளவில் என்று சர்வதேச மன்னிப்புச் சபை சொன்னது.

முல்லைத்தீவில் செத்த, காணாமல் போன ஆமிக்காரர் ஆயிரத்துக்கு மேல் என்பதும் தெரியும். ஆனால் அது எனக்கு வெறும் சண்டைக் கணக்கு. அவர்களுடைய வீடுகளில் என்ன நடந்தது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

தேடி வாசிக்கத் தொடங்கினேன். 1993 நவம்பர் 11, எங்கட கரைக்கு நேர் எதிரே பூநகரி முகாம். 1996 முல்லைத்தீவு. 1998 செப்ரெம்பர் கிளிநொச்சி. மூன்று இடத்திலும் நூற்றுக்கணக்கான உடல்கள் வீட்டுக்குப் போய்ச் சேரவேயில்லை. 1998 ஜூனிலிருந்து போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை. பேப்பரில் வராது. கடிதம் வராமல் விட்டதை வைத்துத்தான் எத்தினை தாய்மார் விளங்கிக்கொண்டிருப்பினம். விசாகா தர்மதாச என்கிற சிங்களத் தாயின் மகன் கிளிநொச்சியில் காணாமல் போன ஒரு அதிகாரி. அவர் மற்றப் பெற்றோரைச் சேர்த்து அமைப்புத் தொடங்கினார். 2002 சமாதான காலத்தில் வன்னிக்கே போய்ப் புலிகளைச் சந்தித்தார். அவர் தன்னுடைய அரசாங்கத்திடம் கேட்ட விசயங்களில் ஒன்று, படையினர் கழுத்தில் அடையாளத் தகடு போடவேணும் என்பது. செத்தால் ஆர் என்று தெரியவாவது ஒரு தகடு.

பரணகம ஆணைக்குழுவுக்குப் போன முறைப்பாடுகள் ஏறக்குறைய 24,000. அதில் 5,000 அளவு படையினரின் குடும்பங்கள் கொடுத்தவை. 2016இல் காணாமல் போனோர் அலுவலகத்துக்காக வந்த சட்டமும் ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் எடுக்கிறது.

ரெண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் துவக்கோடு நின்றவர்கள். மாமா சாரத்தோடு வீட்டு முற்றத்தில் நின்றவர். அவர்களுக்குச் சம்பளமும் நினைவுத்தூணில் பெயரும் கிடைத்தது. எங்களுக்கு விளக்குக் கொளுத்தினாலே விசாரணை. இதை மறந்துவிட்டு "எல்லாரும் தாய்மார்தானே" என்று முடிக்கிற கட்டுரைகளை வாசித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

எங்கட பக்கத்துக்கும் ஒரு கேள்வி இருக்கு. 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரைப் புலிகள் கொன்றார்கள். பிறகு வந்த சண்டைகளில் உயிரோடு பிடிபட்டவர்கள் எல்லாருக்கும் என்ன நடந்தது? அங்கே நின்று பார்த்தவர்கள் எங்களுக்குள்ளும் இருப்பினம். அந்தத் தாய் வந்து கேட்டால் நாங்களும் "தன்னே நே" என்றுதானே சொல்லுவம்?

செம்மணி எப்படி வெளியில் வந்தது என்பதை யோசித்துப் பாருங்கோ. 1996 செப்ரெம்பர் 7, உயர்தரச் சோதனை எழுதிவிட்டுச் சைக்கிளில் கைதடிக்குத் திரும்பின கிருசாந்தியைச் செம்மணிச் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கூடத் திரும்பவில்லை. அந்த வழக்கில் 1998இல் மரண தண்டனை கிடைத்த சோமரத்ன ராஜபக்ச என்கிற கோப்ரல்தான், 300, 400 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கினம் என்று நீதிமன்றத்தில் சொன்னது. 1999இல் தோண்டினபோது 15 எலும்புக்கூடுகள். 2025இல் சிந்துபாத்தியில் 200க்கு மேல். ஒரு ஆமிக்காரன் வாய் திறந்திராவிட்டால் செம்மணி எங்களுக்கு இன்றைக்கும் வெறும் உப்பளவெளிதான். அவனும் தன் கழுத்துக்குக் கயிறு வந்த பிறகுதான் திறந்தான். வாசலில் நின்ற மிச்சப்பேர்? இப்ப அவர்களுக்கு 50 வயசு வந்திருக்கும். குருநாகலிலோ அனுராதபுரத்திலோ பேரப்பிள்ளைகளோடு இருப்பினம்.

காலையில் அம்மம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. "நீங்கள் ஏன் அந்தப் பெடியனை இன்னும் நினைச்சுக்கொண்டிருக்கிறீங்கள்?" என்று கேட்டேன். இந்த முறை கோபத்தில் கேட்கவில்லை.

"அவன்ர தாய் எப்பவாவது இந்தப் பக்கம் தேடி வந்தா, ஆரிட்டக் கேப்பா? நான் அவனைக் கடைசியாக் கண்டது விளக்கீட்டுக்கு முதல் நாள். இடது காலில காயம், துணி சுத்தியிருந்தவன். அதையாவது சொல்லலாம்."

29 வருசமாக அம்மம்மா ஒரு சாட்சியத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறா. ஆர் என்றே தெரியாத ஒரு பெடியனுக்காக. கண்ட நாள், கண்ட இடம், காலில் இருந்த காயம்.

மாமாவைப் பற்றி எங்களுக்கு வேணும் என்று கேட்பதும் அவ்வளவுதான்.