வலை பின்னும் விரல்கள்

வள்ளூரில் வீடு, எலும்பு முறிவு வார்டில் நர்ஸ் வேலை. அத்திப்பட்டு புதுநகரில் ரயில் ஏறி இறங்கியே இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. இடுப்பு எலும்பு உடைந்து வருகிற பெரியவர்களுக்கு ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடியும். எக்ஸ்ரேயில் பிளேட்டும் ஸ்க்ரூவும் அழகாக உட்கார்ந்திருக்கும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ ராத்திரியில் பெற்ற மகளையே பார்த்து, "யாருடி நீ, என் வூட்ல இன்னா பண்ற?" என்பார்கள். வீட்டார் ஜன்னி என்பார்கள், காத்து கருப்பு என்று தாயத்தோடு வருகிறவர்களும் உண்டு. கேஸ் ஷீட்டில் அதற்குப் பெயர் டெலிரியம்.

கத்துகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். என்னை ஏமாற்றியவர் கத்தாத ஒரு பாட்டி. எழுபதைத் தாண்டியவர், ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். இரவு முழுக்க ஒரு சத்தம் இல்லை. 'நன்றாக உறங்கினார்' என்று எழுதி வைத்தேன். காலையில் ஹெட் சிஸ்டர் வந்தார். ஷீட்டைப் பார்க்கவில்லை, பாட்டியின் கையைப் பிடித்து, "உம் பொண்ணு பேர் இன்னா ஆயா?" என்றார். பாட்டி கண்ணைத் திறந்து எங்கேயோ பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். சிஸ்டரின் கை அடிவயிற்றுக்குப் போனது. கல் மாதிரி இருந்தது. முந்தின நாள் கதீட்டரை எடுத்த பிறகு சிறுநீர் போனாரா என்று நான் கேட்கவே இல்லை. வடித்துவிட்டதும் முக்கால் லிட்டருக்கு மேல் வந்தது. சாயங்காலம் பாட்டி மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு காபி கேட்டார். சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. "தூங்கறவங்கள எழுப்புனா எழுந்துக்கணும்மா. எழுந்துக்கலன்னா அது தூக்கம் இல்ல" என்றார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து வயிறு, சிறுநீர், மலச்சிக்கல், வலி, ஆக்சிஜன் சாச்சுரேஷன், காய்ச்சல் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் மூளையைப் பற்றி யோசிக்கிறேன். சோடியம் குறைந்தாலும் இப்படித்தான் உளறுவார்கள்.

இன்னொருவர் எண்ணூர்ப் பக்கத்து மீனவர். "குடிப்பாரா?" என்று மனைவியிடம் கேட்டேன். "எப்பவாச்சும்" என்றார். அதையே எழுதிக்கொண்டேன். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் நடுங்கி வேர்த்துக் கொட்டியது. விரல்கள் மட்டும் காற்றில் ஒரே ஒழுங்காகப் போய்வந்தன. ஊசியைக் கோத்து, இழுத்து, முடிச்சிட்டு... "வலை பின்றாரு சிஸ்டர்" என்று மனைவி அழுதார். டிரிப்ஸைப் பிடுங்கிவிடுவார் என்று பயந்து பேண்டேஜ் துணியால் கையைக் கட்டிலோடு கட்டினேன். துள்ளல் இரண்டு மடங்கானது. ஹெட் சிஸ்டர் வந்து முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, அவர் கையில் ஒரு சுருட்டிய துண்டைக் கொடுத்தார். மீனவர் அதைப் பின்ன ஆரம்பித்தார். டாக்டர் சொன்ன லோராசெபாம் ஊசியை அதற்குள் போட்டு முடித்தோம். குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வருகிற இந்த நிலைக்கு அந்த வகை மருந்துதான் வேண்டும். மற்ற வயசாளிகளுக்கு அதே மருந்து குழப்பத்தைக் கூட்டும். தூக்கம் வரவில்லை என்கிற பெரியவருக்கு அவில் போடலாமா என்று கேட்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அதுவும் அவர்களைக் கலக்கிவிடும்.

இப்போதெல்லாம் மனைவியை வெளியே அனுப்பிவிட்டு, "ஒரு நாளைக்குக் குவார்ட்டரா, ஆஃபா? கடைசியா எப்போ?" என்று நேராகக் கேட்கிறேன். வெட்கப்படாமல் கேட்டால் வெட்கப்படாமல் சொல்வார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பெரியவர்களோடு பத்து நிமிடம் உட்காருவேன். காது கேட்கிறதா, கண் தெரிகிறதா, முன்பு எப்போதாவது இப்படி உளறியிருக்கிறாரா, வீட்டில் சமீபமாக மறதி உண்டா? மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வது புத்தகத்தில் இருக்கிற பரிசோதனை. பள்ளிக்கூடம் போகாதவரிடம் அது செல்லாது. நானோ எங்கள் லைன் ஆட்களிடம் ஸ்டேஷன் பெயர் கேட்பேன். எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர் என்று கொருக்குப்பேட்டை வரை போய், அங்கிருந்து திரும்பி வரவேண்டும். திரும்பி வந்தாரா என்பதைக் குறித்து வைப்பேன். ஆபரேஷனுக்குப் பிறகு அதே ஆள் விம்கோ நகரில் சிக்கிக்கொண்டால் டியூட்டி டாக்டரைக் கூப்பிடுவேன். இது நானாகப் பழகிக்கொண்டது, எந்தப் பாடத்திலும் தேடாதீர்கள்.

டெலிரியம் வராமல் தடுக்கவும் முடியும். 1999-ல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பொது மருத்துவ வார்டில் 852 முதியவர்களைப் பார்த்து எழுதினார்கள். நடக்கவைப்பது, தண்ணீர் கொடுப்பது, இரவில் தூங்கவிடுவது, கண்ணாடி போட்டுவிடுவது, இன்றைக்கு என்ன நாள் என்று சொல்வது, இவ்வளவுதான் செய்தது. வழக்கமான கவனிப்பில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு வந்த டெலிரியம், இதில் பத்துக்கும் கொஞ்சம் கீழே இறங்கியது. எங்கள் சிஸ்டர் அதைப் படித்தவரில்லை. ராத்திரி பிபி பார்க்கிற நேரத்தையும் மருந்து நேரத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே தடவை எழுப்புவார். பெரிய லைட்டை அணைத்துவிட்டு டார்ச்சில் வேலை பார்ப்பார்.

வீட்டாருக்கு ஒன்று. தொலைந்துபோகும் என்று பயந்து மூக்குக் கண்ணாடி, பல்செட், காது மிஷின் மூன்றையும் பீரோவில் பூட்டிவிட்டு வருகிறீர்கள். ஒரு டப்பாவில் போட்டு, மேலே பிளாஸ்டர் ஒட்டிப் பெயர் எழுதி, பெரியவரோடு கொண்டுவாருங்கள்.