வளர்ற பிள்ளைக்கு ஓர் அம்பு

அம்பு நேராகப் போவதில்லை. நாண் தள்ளியதும் வளைந்து, வில்லைச் சுற்றிக்கொண்டுதான் கிளம்புகிறது. 28 அங்குல இடைவெளியில் தாங்கி, நடுவே 880 கிராம் தொங்கவிடும்போது அரை அங்குலம் தொய்ந்தால் அதன் எண் 500. எண் கூடினால் இளக்கம், குறைந்தால் விறைப்பு.

ஸ்ரீமுஷ்ணத்தில் அக்கா மகளுக்கு அம்பு பார்த்தபோது அம்மா சொன்னாள்: "வளர்ற பிள்ளை, விறைப்பாவே வாங்குடா." யூனிஃபார்ம் வாங்கும் அதே கணக்கு.

வில்லுக்கு மீறி விறைத்தால், வலக்கைக்காரியின் அம்பு இடப்பக்கம் ஒதுங்கும். பிள்ளை அம்பைச் சந்தேகிக்க மாட்டாள், தன் கையைத்தான் சந்தேகிப்பாள். வில்லையே விட்டுவிடவும் கூடும்.

ஆனாலும் அம்மாவின் கணக்குக்கு இடமிருக்கிறது, நீளத்தில். இன்றைய வில்லுக்குப் பொருந்தும் அம்பைக் கொஞ்சம் நீளமாகவே வாங்கலாம். வில்லின் பலம் ஏற ஏற, அளவு பார்த்து நறுக்கினால் அதே அம்பு விறைக்கும்.